உள்ளே போவது சுலபம்: நெல்லி பிளையின் கதை

பேட்மேன் காமிக்ஸ் படிக்கிறவங்களுக்கு ஆர்க்கம் அசைலம் தெரியாமல் இருக்காது. ஜோக்கர், டூ-ஃபேஸ், ஸ்கேர்குரோ என்று எல்லா வில்லன்களையும் அடைத்து வைக்கும் மனநல விடுதி அது. 1992-ல் வந்த ‘தி லாஸ்ட் ஆர்க்கம்’ என்ற நான்கு பாகக் கதையில் பேட்மேனே அங்கே ஒரு நோயாளியாக உள்ளே போவான். ஸாஸ் என்ற கொலைகாரன் உள்ளே பூட்டிக் கிடக்கிறான், ஆனால் வெளியே அவன் பாணியிலேயே கொலைகள் நடக்கின்றன. எப்படி என்று கண்டுபிடிக்கத்தான் இந்த வேஷம். எழுதியவர் ஆலன் கிராண்ட், வரைந்தவர் நார்ம் பிரேஃபோகில். போன செமஸ்டர் லீவில் ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். செம கதை.

முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. நிஜத்துல யாராவது இப்படிப் போயிருக்காங்களா?

போயிருக்காங்க. அந்த காமிக்ஸ் வருவதற்கு 105 வருஷம் முன்னாடி, முகமூடி இல்லாமல், கையில் பணம் இல்லாமல், ஒரு 23 வயதுப் பெண் போயிருக்கிறாள். அவள் பெயர் நெல்லி பிளை. பெரிய ஆளுமை, ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் படிக்கப் படிக்க நம்ம செட்டுப் பொண்ணு மாதிரியே தோன்றியதால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன், கோவிச்சுக்காதீங்க.

பிங்க்

பிறந்தது 1864 மே 5, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் காக்ரன்ஸ் மில்ஸ் என்ற ஊர். ஊர்ப் பெயரே அவள் குடும்பப் பெயர்தான், அப்பா அங்கே மில் முதலாளி. உண்மையான பெயர் எலிசபெத் ஜேன் காக்ரன். சின்ன வயசில் எல்லோரும் ‘பிங்க்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆறு வயதில் அப்பா இறந்துபோனார். உயில் எழுதி வைக்கவில்லை. முதல் தாரத்துப் பிள்ளைகள் பத்து, இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் ஐந்து. சொத்து பிரிந்ததில் பிங்க்கின் அம்மா கைக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. அம்மா மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். வந்த ஆள் குடிகாரன், அடிக்கிறவன். கடைசியில் அம்மா விவாகரத்து கேட்டு கோர்ட்டுக்குப் போனார். அந்தக் காலத்தில் அதைச் செய்யவே தனி தைரியம் வேண்டும். அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்களில் ஒருத்தி, 14 வயது பிங்க். வீட்டில் நடந்ததை கோர்ட்டில் நின்று சொன்னாள். கோர்ட் நம்பியது, விவாகரத்து கிடைத்தது.

இந்த ஒரு விஷயத்தை மனசில் வெச்சுக்கோங்க. ஒரு பெண் சொல்வதை அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் நம்பினால் வாழ்க்கை மாறும் என்பதை அவள் 14 வயதிலேயே பார்த்துவிட்டாள்.

அடுத்து, டீச்சர் ஆகலாம் என்று 15 வயதில் இண்டியானா நார்மல் ஸ்கூலில் சேர்ந்தாள். ஒரே ஒரு டெர்ம். அதற்கு மேல் ஃபீஸ் கட்டப் பணம் இல்லை, நின்றுவிட்டாள். குடும்பம் பிட்ஸ்பர்க் பக்கம் குடிபோனது. சில வருஷம் கிடைத்த சின்னச் சின்ன வேலை, அம்மாவுக்கு உதவி, அவ்வளவுதான். நம்ம பாஷையில் சொன்னால் டிராப்-அவுட்.

ஒரு கோபக் கடிதம்

1885 ஜனவரி. ‘பிட்ஸ்பர்க் டிஸ்பாட்ச்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. பெண்கள் எதற்கு லாயக்கு என்பதுதான் தலைப்பின் அர்த்தமே. வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போகும் பெண்களைக் கிண்டல் செய்து எழுதியிருந்தார்கள். வேலைக்குப் போகாவிட்டால் அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வரும் என்று தெரிந்த பிங்க்குக்கு கோபம் தலைக்கு ஏறியது. உட்கார்ந்து பதில் எழுதி, ‘தனித்த அநாதைப் பெண்’ என்று அர்த்தம் வரும் புனைபெயரில் அனுப்பினாள்.

கடிதத்தில் இலக்கணம் சுமார், விஷயம் நெருப்பு. ஆசிரியர் ஜார்ஜ் மேடன் இதை எழுதியது யார், வந்து பாருங்கள் என்று பத்திரிகையிலேயே அறிவிப்புப் போட்டார். அவளும் போனாள், வேலை கிடைத்தது. பெண்கள் சொந்தப் பெயரில் எழுதாத காலம் என்பதால், ஸ்டீபன் ஃபாஸ்டரின் ஒரு பிரபலமான பாட்டில் வரும் பெயரை வைத்தார்கள். அதையும் கொஞ்சம் ஸ்பெல்லிங் தப்பாக வைத்தார்கள். அந்தத் தப்புதான் இன்றுவரை நிற்கிறது.

முதல் கட்டுரை வேலை தேடும் ஏழைப் பெண்களைப் பற்றி, அடுத்தது விவாகரத்துச் சட்டம் பற்றி. பிறகு தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி எழுதத் தொடங்கியதும், அவளை ஃபேஷன், பூச்செடி, விருந்து பக்கம் தள்ளினார்கள். அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மெக்ஸிகோ கிளம்பிவிட்டாள். அப்போது அவளுக்கு வயது 21. ப்ளேஸ்மென்ட் டிரைவில் ‘உங்கள் பலவீனம் என்ன’ என்ற கேள்விக்கே நான் ரெண்டு நாள் பதில் தயாரிக்கிற வயசு அது. கிட்டத்தட்ட ஆறு மாதம் அங்கிருந்து எழுதினாள். பத்திரிகைக்காரர்களை அரசு சிறையில் போடுவதை எழுதியதும் அவளுக்கே சிக்கல் வரும் என்று தெரிந்து ஊர் திரும்பினாள்.

திரும்பியதும் மறுபடி கலை, நாடகம் பக்கம்தான். 1887-ல் வேலையை விட்டுவிட்டு நியூயார்க் போனாள்.

கண்ணாடி முன் ஒரு ராத்திரி

நியூயார்க்கில் நான்கு மாதம் வேலை இல்லை. கையில் இருந்த பர்ஸும் தொலைந்தது. இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் ஜோசப் புலிட்சரின் ‘நியூயார்க் வேர்ல்ட்’ அலுவலகத்துக்குள் எப்படியோ நுழைந்தாள். நிர்வாக ஆசிரியர் ஜான் காக்ரில் அவளுக்குக் கொடுத்த வேலை: பிளாக்வெல்ஸ் தீவில் இருக்கும் பெண்கள் மனநல விடுதிக்குள் நோயாளியாகப் போய், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

அந்தத் தீவு மன்ஹாட்டனுக்கும் குயின்ஸுக்கும் நடுவே ஈஸ்ட் ரிவரில் இருக்கிறது. சிறை, அநாதரவானவர்களுக்கான விடுதி, மனநல விடுதி எல்லாம் அங்கே. நகரம் யாரைப் பார்க்க விரும்பவில்லையோ அவர்களை எல்லாம் கொண்டுபோய் வைக்கும் இடம். ஏறக்குறைய 1,600 பெண்கள் அந்த விடுதியில் இருந்தார்கள்.

உள்ளே போன பிறகு என்னை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று நெல்லி கேட்டாள். அது எனக்கும் தெரியாது, ஆனால் எப்படியும் எடுத்துவிடுவோம், நீ முதலில் உள்ளே போ என்றாராம் ஆசிரியர். யோசிச்சுப் பாருங்க. எக்ஸிட் பிளான் இல்லாத ஒரு ப்ராஜெக்டுக்கு நீங்களும் நானும் ஓகே சொல்லுவோமா?

அன்று ராத்திரி கண்ணாடி முன் நின்று முகபாவம் பழகினாள். கண்ணை அகல விரித்து இமைக்காமல் பார்ப்பது, பேய்க்கதைகள் படித்து மனசைக் கலக்கிக்கொள்வது, இதுதான் பயிற்சி. மறுநாள் நெல்லி பிரௌன் என்ற பெயரில், செகண்ட் அவென்யூவில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் ரூம் எடுத்தாள். ராத்திரி தூங்க மறுத்தாள். மற்ற எல்லோரையும் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றாள். விடிந்ததும் விடுதிக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள்.

அங்கிருந்து கோர்ட். நீதிபதி நல்ல மனிதர்தான், யாரோ நல்ல வீட்டுப் பெண் பாவம் என்று இரக்கப்பட்டு பெல்வியூ மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே டாக்டர்கள் நாடி பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், கண்ணில் வெளிச்சம் அடித்தார்கள். மனநோய் உறுதி என்று எழுதினார்கள். இந்த மர்மப் பெண் யார் என்று மற்ற பத்திரிகைகள் செய்தி வேறு போட்டன. படகு ஏற்றித் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எவ்வளவு சீக்கிரம் நடந்தது கவனிச்சீங்களா? ஒரு ராத்திரி நடிப்பு, சில நிமிஷப் பரிசோதனை, அவ்வளவுதான்.

பத்து நாள்

தீவில் கால் வைத்ததும் நெல்லி ஒரு முடிவு எடுத்தாள். இனி நடிக்கக் கூடாது, வெளியில் எப்படிப் பேசுவாளோ நடப்பாளோ அப்படியே இருக்க வேண்டும். நலமாக இருக்கும் ஒருத்தியை டாக்டர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவள் தெளிவாகப் பேசப் பேச அதுவும் நோயின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அவளைப் பரிசோதித்த ஒரு டாக்டர், அவளைவிடப் பக்கத்தில் நின்ற நர்ஸிடம்தான் அதிகம் பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறாள்.

உள்ளே இருந்த வாழ்க்கை இப்படி. ஊசிப்போன வெண்ணெய் தடவிய ரொட்டி. ஒரு நாள் அவள் ரொட்டியில் சிலந்தி இருந்தது. குளிரில் நடுங்க நடுங்க, ஐஸ் மாதிரி தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக் குளியல். ஒருத்தி குளித்த தண்ணீரிலேயே அடுத்தவள், ஒரே துண்டு பல பேருக்கு. காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை நேரான பெஞ்சில் ஆடாமல் உட்கார வேண்டும். பேசக் கூடாது, படிக்க ஒன்றும் கிடையாது. தீவிரமான நோயாளிகள் என்று சொல்லப்பட்டவர்களை நீளமான ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டி நடத்திக்கொண்டு போவதையும் பார்த்தாள். அடி வாங்கிய கதைகளை மற்ற பெண்கள் அவளிடம் சொன்னார்கள். நல்லா இருக்கிற ஒரு பெண்ணை இப்படி இரண்டு மாதம் வைத்திருந்தால் அவளுக்கு நிஜமாகவே மனம் உடைந்துவிடும் என்பது அவள் கணக்கு.

என்னை ரொம்ப உறுத்தியது வேறு. உள்ளே இருந்தவர்களில் பல பேர் வேறு நாட்டிலிருந்து வந்த ஏழைகள். ஒரு ஜெர்மன் பெண்ணுக்கு ஆங்கிலம் வராது. அவளுக்கு என்ன ஆச்சு என்று அவள் மொழியில் சரியாகக் கேட்காமலேயே உள்ளே போட்டுவிட்டார்கள். தனக்கு நோய் இல்லை என்று சொல்வதற்குக்கூட அவளிடம் அவர்களுக்குப் புரியும் வார்த்தை இல்லை. நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ஒரு மொழி தெரிந்திருப்பது இவ்வளவு பெரிய பாதுகாப்பா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இப்போ நம்ம இன்ஜினியர்களுக்கான சீன். ராத்திரி ஒவ்வொரு அறையையும் தனித்தனியாகச் சாவி போட்டுப் பூட்டுவார்கள். ஜன்னலில் கம்பி. தீப்பிடித்தால்? நர்ஸ்கள் ஒவ்வொரு கதவாக ஓடிப்போய்த் திறக்க வேண்டும், அவர்கள் அப்படி ஓடுவார்கள் என்ற நம்பிக்கை நெல்லிக்கு இல்லை. அங்கே இருந்தவர்களில் கொஞ்சம் அன்பான ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னாள். தீர்வையும் சொன்னாள்: வரிசையின் ஒரு முனையில் ஒரு கைப்பிடி, அதைச் சுற்றினால் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும்படி பூட்டு வைக்கலாம்.

அருமையான டிசைன் சஜஷன், இல்லையா? டாக்டர் அவளைக் கவலையோடு பார்த்தார். இதற்கு முன் எந்த விடுதியில் அடைபட்டிருந்தாய் என்று கேட்டார். அவள் அந்தப் பூட்டைப் பார்த்தது பிட்ஸ்பர்க் பக்கம் புதிதாகக் கட்டிய சிறையில், நிருபராகப் போனபோது. அதைச் சொன்னால் வேஷம் கலைந்துவிடும். சும்மா சுற்றிப் பார்க்கப் போனபோது பார்த்தேன் என்று சமாளித்தாள். அந்த மாதிரிப் பூட்டு எனக்குத் தெரிந்து சிங் சிங் சிறையில் மட்டும்தான் இருக்கிறது என்று டாக்டர் வருத்தமாகச் சொன்னார். அதாவது, இவள் ஜெயிலுக்கும் போய் வந்தவள் போல.

அவள் சொன்னது நூறு சதவீதம் சரி. ஆனால் சொன்னது யார் என்பதை வைத்துத்தான் அதற்கு மார்க் போட்டார்கள்.

வெளியே

பத்து நாள் கழித்துப் பத்திரிகையின் வக்கீல் வந்தார். இந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். நெல்லிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், ஆனால் குற்ற உணர்ச்சிதான் வந்தது. தன்னைப் போலவே தெளிவாக இருந்த மற்ற பெண்களை விட்டுவிட்டு வருகிறோமே என்று. அவர்களுக்கும் அவளுக்கும் ஒரே வித்தியாசம், அவள் எங்கே இருக்கிறாள் என்று வெளியே ஒருத்தருக்குத் தெரியும். பேட்மேனுக்கும் அப்படி வெளியே ஆள் இருந்தது. அந்த ஜெர்மன் பெண்ணுக்கு இல்லை.

1887 அக்டோபர் 9-ம் தேதியும் 16-ம் தேதியும் கட்டுரைகள் வெளிவந்தன. நியூயார்க்கே அதிர்ந்தது. அதே வருஷம் ‘டென் டேஸ் இன் எ மேட்-ஹவுஸ்’ என்று புத்தகமாகவும் வந்தது. கிராண்ட் ஜூரி விசாரணை வைத்து, நெல்லியையும் கூட்டிக்கொண்டு தீவுக்குப் போனது. அதற்குள் விஷயம் கசிந்துவிட்டது. கட்டில் சுத்தம், சமையலறை சுத்தம், ரொட்டி வெள்ளை வெளேர் என்று இருந்தது. நம்ம காலேஜில் இன்ஸ்பெக்‌ஷன் டீம் வரும் நாள் ஞாபகம் வருதா, அதேதான். அவள் எழுதிய சில பெண்கள் அங்கே இல்லவே இல்லை.

ஆனால் ஒரு பெண் இருந்தாள். நெல்லியோடு உள்ளே வந்தவள். ஜூரி அவளைக் கேட்டபோது, நெல்லி எழுதியதையே அவளும் சொன்னாள். ஜூரி நம்பியது. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நிருபர் சொன்னதை நம்பியது பெரிதில்லை, ஒரு நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்களே, அது பெரிது.

மாற்றங்கள் வேண்டும் என்று ஜூரி பரிந்துரைத்தது. மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கு நகரம் முன்பைவிடப் பத்து லட்சம் டாலர் அதிகம் ஒதுக்கியது என்று நெல்லி தன் புத்தகத்தில் பெருமையாகக் குறிப்பிடுகிறாள். நிதியைக் கூட்டும் பேச்சு முன்பே ஓடிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. ஆனால் அதைத் தள்ளிப்போட முடியாமல் செய்தது அவள் எழுத்து. 1894-ல் தீவிலிருந்த அந்த விடுதியை மூடிவிட்டார்கள்.

அதற்கு அப்புறம்

நெல்லியை இன்றைக்கு நிறைய பேருக்குத் தெரிவது வேறு ஒரு சாதனைக்காக. ஜூல்ஸ் வெர்ன் கதையில் 80 நாளில் உலகைச் சுற்றுவார்கள், அதை முறியடிக்கலாம் என்றாள். பெண் தனியாகப் போக முடியாது, பெட்டி படுக்கை நிறைய வரும் என்று ஆபீஸில் சொன்னார்கள். அவள் 1889 நவம்பர் 14-ம் தேதி உடுத்திய ஒரே டிரஸ்ஸோடும் ஒரு கைப்பையோடும் கப்பல் ஏறினாள். வழியில் பிரான்ஸில் ஜூல்ஸ் வெர்னையே பார்த்தாள். கொழும்பில் இன்னொரு கப்பலுக்காக ஐந்து நாள் காத்திருக்க வேண்டிவந்து தவித்திருக்கிறாள், அந்த இடைவெளியில் கண்டியையும் பார்த்தாள். சிங்கப்பூரில் ஒரு குரங்கு வாங்கினாள். 1890 ஜனவரி 25-ம் தேதி, 72 நாளில் சுற்றி முடித்தாள்.

1895-ல் ராபர்ட் சீமன் என்ற தொழிலதிபரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. அவருடைய அயர்ன் கிளாட் கம்பெனி பால் கேன், பாய்லர், ஸ்டீல் பீப்பாய் எல்லாம் செய்தது. மெக்கானிக்கல் நண்பர்களே, 1902-ல் ஒரு பால் கேனுக்கும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய குப்பைத் தொட்டிக்கும் அவள் பெயரில் பேட்டன்ட் இருக்கிறது. ஆயில் டிரம்மையும் அவள்தான் கண்டுபிடித்தாள் என்று சில இடங்களில் போட்டிருப்பார்கள். அந்த பேட்டன்ட் அவள் கம்பெனியில் வேலை பார்த்த ஹென்றி வேர்ஹான் என்பவருடையது, உரிமையை அவளுக்கு எழுதிக் கொடுத்தார். கணவர் 1904-ல் இறந்தபின் கம்பெனியை அவளே நடத்தினாள். தொழிலாளர்களுக்கு நூலகம், மருத்துவ வசதி எல்லாம் கொடுத்தாள். ஆனால் கணக்கைக் கவனிக்கவில்லை. உள்ளே இருந்தவர்களே பணத்தைச் சுருட்டினார்கள், கம்பெனி திவாலானது.

1914-ல் ஆஸ்திரியா போனவள் முதல் உலகப் போரில் மாட்டிக்கொண்டு, போர் முனையிலிருந்தே செய்தி எழுதினாள். 1919-ல் நியூயார்க் திரும்பி, கடைசிவரை ‘ஈவ்னிங் ஜர்னல்’ பத்திரிகையில் எழுதினாள். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு வீடு தேடிக் கொடுப்பதும் அவள் வேலையில் சேர்ந்துகொண்டது. 1922 ஜனவரி 27, நிமோனியாவில் இறந்தாள். வயது 57. கல்லறைக்கு ஒரு கல் வைக்கவே 1978 ஆனது, நியூயார்க் பத்திரிகையாளர் மன்றம் வைத்தது.

பிளாக்வெல்ஸ் தீவுக்கு இன்று ரூஸ்வெல்ட் தீவு என்று பெயர். அந்த விடுதிக் கட்டடத்தின் எண்கோண முன்பகுதி மட்டும் மிச்சம் இருக்கிறது. இப்போது அது ஒரு அபார்ட்மென்ட்டின் நுழைவாயில்.

கடைசியா ஒண்ணு

செகண்ட் இயரில் எங்கள் ஹாஸ்டல் விங்கில் ஒரு பையன் இருந்தான். ராத்திரி தூங்க மாட்டான், தனக்குத்தானே பேசுவான். நாங்கள் அவனுக்கு ‘சைக்கோ’ என்று பெயர் வைத்தோம். நானும்தான். ஒரு நாள் பாத்ரூம் ஹீட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று சொன்னான். விங்கே சிரித்தது. ஒரு வாரம் கழித்து வேறு ஒருத்தனுக்கு அடித்த பிறகுதான் எலக்ட்ரீஷியன் வந்தார். எர்த் ஒயர் கழன்று கிடந்தது. சர்க்யூட் படிக்கிற முப்பது பேர் இருந்தோம், ஒருத்தர்கூட டெஸ்டர் எடுத்துப் பார்க்கவில்லை. ஏன்னா, சொன்னது அவன்.

அடுத்த செமஸ்டர் அவன் வரவில்லை. நம்பரும் மாறிவிட்டது. நாங்கள் யாரும் பெரிதாகத் தேடவும் இல்லை.

கைப்பிடிப் பூட்டைப் பற்றி நெல்லி சொன்னதையும், அந்த டாக்டர் பார்த்த பார்வையையும் படித்தபோது எனக்கு அவன் முகம்தான் வந்தது. அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. நானும் கெட்டவன் இல்லைன்னுதான் நினைச்சிட்டு இருந்தேன்.

உங்க விங்கிலும் அப்படி ஒருத்தர் இருக்கலாம். நீங்க தீவுக்கெல்லாம் வேஷம் போட்டுப் போக வேண்டாம். இன்னிக்கு ராத்திரி அவங்க ரூம் கதவைத் தட்டி, சாப்பிட்டாச்சான்னு கேளுங்க. அவங்க ஏதாவது சொன்னா, யார் சொல்றாங்கன்னு பார்க்காம, என்ன சொல்றாங்கன்னு கேளுங்க.